ரொறன்ரோக் குசினியில் இடியப்பம், புட்டு, தோசை: வார நாளுக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலை

யாழ்ப்பாணத்தில் காலைக்கு இடியப்பம், புட்டு, தோசை, பாண் என்று ஏதாவது ஒன்று. மத்தியானம் சோறும் கறியும். இரவுக்குத் திரும்பவும் புட்டோ இடியப்பமோ. 1983க்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்து குடியேறிய வீடுகளில் இந்த வரிசை குலைந்தது. நாக்கு மாறியதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். நாக்கு அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. மாறியது மத்தியானம். வேலையிடத்தில் அரைமணி இடைவேளை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு, வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கும் நேரம் மாலை ஆறு ஏழு மணி. ஆகவே சோறு இரவுக்கு நகர்ந்தது. சோறு வந்து உட்கார்ந்ததும் இரவுப் புட்டுக்கு இடமில்லை. அது சனி ஞாயிறுக்குப் போனது. காலையில் சீரியலும் பாணும் பட்டரும் வந்தன.

காலைச் சாப்பாட்டை வார நாளுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமென்றால் வழக்கங்களைப் பற்றிக் கவலைப்படுவதில் பிரயோசனம் இல்லை. தடையாக இருப்பவை நான்கு: அரைக்கும் கருவி, மா, புளிக்கும் வெப்பம், காலையில் கிடைக்கும் பதினைந்து நிமிடம். அந்த ஒழுங்கிலேயே பார்க்கலாம்.

அரைக்கும் கருவி

ஊரிலிருந்து கிரைண்டரைச் சுமந்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கனடாவில் வீட்டுச் சுவர்ச் செருகியில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், அதாவது மின்சாரம் விநாடிக்கு 60 தடவை அலைவது. இலங்கை, இந்தியக் கருவிகள் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை. மின்மாற்றி வைத்தால் வோல்ட் சரியாகிவிடும், ஹேர்ட்ஸ் மாறாது. கல் கிரைண்டரில் இருக்கும் மோட்டார் ஹேர்ட்ஸைப் பின்பற்றி ஓடுவது. ஆகவே அது இங்கே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகமாகச் சுற்றும், இழுவை குறையும், உளுந்து கெட்டியாகும் நேரத்தில் சூடேறி மணக்கும். மிக்ஸியின் மோட்டார் வேறு வகை. ஹேர்ட்ஸ் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் தாங்கும் மின்மாற்றி வேண்டும். அதன் எடையும் விலையும் சேர்த்துப் பார்த்தால், இங்குள்ள மின்சாரத்துக்கென்றே செய்த கிரைண்டரை ரொறன்ரோவின் ஸ்காபரோக் கடைகளில் வாங்குவது புத்தி. லண்டன், பாரிஸ், ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. அங்கே மின்சாரம் ஊரில் உள்ளதுதான்.

வெள்ளைக்காரரின் பிளெண்டரிலும் உளுந்து அரைபடும். அதன் கத்தி வேகத்தில் மா சூடேறும், அதுதான் சிக்கல். கை வைத்துப் பார்த்து இளஞ்சூடு தெரிந்தால் நிறுத்துங்கள். ஊறவைத்த தண்ணீரைப் பிரிட்ஜில் குளிரவைத்து, அதையே ஊற்றி, அரை நிமிடம் அரைத்து அரை நிமிடம் ஓயவிட்டு அரைத்தால் போதும். மொத்தம் நான்கைந்து நிமிடத்தில் நுரை கட்டிவிடும். ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டால் மிதக்க வேண்டும்.

கோதுமை மா: அவித்து அரித்தல்

யாழ்ப்பாணத்துப் புட்டிலும் இடியப்பத்திலும் தோசையிலும் கோதுமை மா இருப்பதைக் கேட்டுத் தமிழ்நாட்டவர் ஆச்சரியப்படுவார்கள். அந்த மாவும் கப்பலில் வந்ததுதான். 'அமெரிக்கன் மா' என்றே வயதானவர்கள் இன்னமும் சொல்வார்கள். அரிசி மாவுக்குப் பழகிய இடியப்ப உரலுக்கும், புட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டிக்கும் அதை ஏற்றதாக்க, அவித்து அரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். புது நாட்டில் புதுப் பொருளைப் பழக்கும் வேலை எங்கள் ஆட்களுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

அவிப்பது ஏன்? கோதுமையின் புரதம் தண்ணீரோடு சேர்ந்தால் இழுவையாகும். பாணுக்கு அது வேண்டும். இடியப்பத்துக்கு அது பகை. உரலில் இறங்காது, இறங்கினாலும் சுருண்டு பின்னுக்கு இழுக்கும். ஆவியின் சூட்டில் அந்தப் புரதம் இறுகி, இழுவையை விட்டுவிடுகிறது. கனடாவின் பொதுத்தேவை மா பெரும்பாலும் கடின கோதுமையில் அரைத்தது, புரதம் கூடியது. எனவே ஊரில் அரைமணி அவித்தவர்கள் இங்கே அதே நேரத்தில் நிறுத்தினால் மா முழுதாய்ப் பழகியிராது. பையிலுள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் பார்த்துத் தேர்வு செய்ய முயல வேண்டாம். 30 கிராமுக்கு 4 கிராம் என்று முழு எண்ணாக்கிப் போட்டிருப்பார்கள். அதிலிருந்து ஒன்றும் விளங்காது. பாணுக்கென்று தனியாக விற்கும் மாவைத் தொடாமல் விட்டால் சரி.

செய்முறை இதுதான். இட்லிச் சட்டி அல்லது இரண்டு தட்டு ஸ்டீமரில் பருத்தித் துணி விரித்து, ஒரு தட்டுக்கு 500 கிராம் மாவை அமுக்காமல் தளர்வாகக் கொட்டுங்கள். கரண்டிக் காம்பால் நான்கைந்து துளை அடிவரை போடுங்கள். இல்லாவிட்டால் ஆவி ஓரத்தால் போய்விடும், நடு மா பச்சையாகவே இருக்கும். மூடிக்குக் கீழே இன்னொரு துணி. மூடியில் சேரும் தண்ணீர் மாவில் சொட்டினால் அந்த இடம் பசையாகிக் கட்டிபடும், பிறகு அரிதட்டில் இறங்காது. தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு 50 முதல் 60 நிமிடம். நடுவில் ஒரு தடவை கொதிதண்ணீர் சேர்க்க வேண்டிவரும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அறுந்துவிடும்.

வெந்ததா என்று பார்க்க நடுவிலிருந்து ஒரு தேக்கரண்டி மாவை எடுத்து இரண்டு சொட்டுத் தண்ணீரில் பிசைந்து இழுங்கள். நீண்டால் இன்னும் 15 நிமிடம். பொடிந்து அறுந்தால் முடிந்தது. சுடச்சுட உடைத்து அரியுங்கள். ஆறவிட்டால் கட்டிகள் கல்லாகும். அப்படியானதை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுக் காப்பாற்றலாம், எறிய வேண்டாம். அரித்த மாவில் ஆவியின் ஈரம் இருக்கும். அகலத் தட்டில் ஒரு மணிநேரம் பரப்பி ஆறவிட்டு, 500 கிராம் பைகளாகக் கட்டி ஆழ்உறைபெட்டியில் வையுங்கள். அலுமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும்.

குளிர்காலத்தில் ஒரு மணிநேரம் ஆவி ஓடினால் சன்னல் கண்ணாடி முழுவதும் தண்ணீர் வடியும். அது சட்டத்தில் தேங்கி, கறுப்புப் பூசணம் வரும் வீடுகள் ஏராளம். ஆவி இழுக்கும் விசிறி வெளியே திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுக்குமாடிகளில் பல விசிறிகள் கரி வடிகட்டியால் காற்றை இழுத்து அதே குசினிக்குள் திருப்பி ஊதுபவை. மணத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஈரத்தை அசைக்காது. அப்படியென்றால் சன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்து அவியுங்கள். மாவைப் பெரிய அளவில் வெயில் காலத்திலேயே அவித்து முடிப்பது இன்னும் நல்லது.

அரிசி மாவில் ஒரு எச்சரிக்கை. தாய்லாந்து மாப் பைகள் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். பெயர்பெற்ற வகையில் சிவப்பு எழுத்துப் பை சாதாரண அரிசி மா. பச்சை எழுத்துப் பை பசையரிசி மா. பச்சையைக் கொண்டுவந்து இடியப்பம் பிழிந்தால் தட்டில் ஒரே பிசினாகக் கிடக்கும், எந்தப் பக்குவமும் அதைத் திருத்தாது. சிவப்பு எழுத்து மாவும் மிக நுண்ணியது. வெறும் சட்டியில் மெல்லிய சூட்டில் 10 நிமிடம் நிறம் மாறாமல் வறுத்தால்தான் புட்டுக்கு உதிரும். வறுத்த சிவப்பரிசி மா தமிழ்க் கடைகளில் பை பையாக இருக்கிறது. அதையே வாங்குவதில் குறை ஒன்றுமில்லை.

புளிப்பு

தோசை மா வராது என்பதுதான் குளிர்நாட்டுக்காரரின் பெரிய முறைப்பாடு. உளுந்தோடு ஒட்டிவரும் நுண்ணுயிர்கள்தான் மாவைப் பொங்கவைப்பவை. அவற்றுக்குப் பிடித்தது 28 முதல் 32 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் 8 முதல் 10 மணிநேரத்தில் வேலை முடிந்துவிடும். ரொறன்ரோவில் வாடகை வீட்டுக்குக் குளிர்காலத்தில் 21 பாகை கொடுத்தால் வீட்டுக்காரர் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார். மாவுக்கு அது போதாது. 18 முதல் 24 மணிநேரம் இழுக்கும். நிலவறை வீடுகளில் இரவில் இன்னும் குறையும், சில நாள் எழும்பவே எழும்பாது.

இதற்கு எல்லாரும் சொல்லும் வழி ஓவன் விளக்கு. வழி சரி, விவரம் வேண்டும். பழைய இழை பல்பு உள்ள ஓவனில் விளக்கை எரியவிட்டுக் கதவை மூடினால் உள்ளே 30க்கு மேல் போகும். சில ஓவன்களில் 38ஐயும் தொடும். புது ஓவன்களில் எல்இடி விளக்கு. அது சூடு தராது, இரவு முழுக்க எரிந்தாலும் மா அப்படியே கிடக்கும். எனவே முதல் தடவை மா வைக்கும் முன், ஒரு குவளைத் தண்ணீரில் வெப்பமானியை விட்டு, விளக்கைப் போட்டு மூன்று மணிநேரம் கழித்துப் பாருங்கள். 33ஐத் தாண்டினால் மரக்கரண்டி ஒன்றைக் கதவிடுக்கில் செருகி இடைவெளி விடலாம். 26க்குக் கீழே நின்றால் கொதிதண்ணீர்ச் சட்டி ஒன்றைக் கீழ்த்தட்டில் வைத்து, ஆறியதும் ஒருமுறை மாற்றினால் போதும். சூடு கூடுவதும் கேடுதான். 35க்கு மேல் மா வேகமாகப் புளித்துப் பொங்கி, பிறகு அமுங்கித் தண்ணீர் பிரியும். தோசை புளிக்கும், துளை விழாது.

மா உள்ளே இருப்பது தெரியாமல் இன்னொருவர் ஓவனைச் சூடாக்கிவிடுவது வழமையான விபத்து. ஓவனைத் திருகும் குமிழின் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். கதவில் தாள் ஒட்டுவது போதாது. அதை ஒருவரும் வாசிப்பதில்லை.

மின் அழுத்தச் சட்டி இருந்தால் தயிர்ப் பொத்தானைப் பயன்படுத்தலாம். அதிலுள்ள சாதாரண நிலை தயிருக்கானது, 40 பாகையை ஒட்டி நிற்கும், மாவுக்கு அதிகம். குறைந்த நிலைக்கு மாற்றினால் 33 சொச்சத்தில் நிற்கும். இறுக்கமான மூடிக்குப் பதில் கண்ணாடி மூடி போடுங்கள். சட்டி அரைவாசிக்கு மேல் நிரம்பக் கூடாது. மா இரண்டு மடங்குக்கு மேல் எழும்பும், மூடியின் வால்வுக்குள் போனால் கழுவி எடுப்பது பெரும்பாடு.

அளவு: உளுந்து 200 கிராம், வெந்தயம் 1 தேக்கரண்டி, சோறு ஒரு கைப்பிடி, அவித்த கோதுமை மா 150 கிராம், அவிக்காத மா 150 கிராம். உளுந்தையும் வெந்தயத்தையும் ஒன்றாக 5 மணிநேரம் ஊறவிட்டு, சோற்றையும் சேர்த்து, ஊறிய தண்ணீரில் 350 மில்லிலீட்டரளவு விட்டு அரையுங்கள். மாக்களை இன்னொரு 300 முதல் 350 மில்லிலீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சேருங்கள். பிரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரில் அரைத்ததை இந்த இளஞ்சூடு சரிப்படுத்தும். குளிர்ந்த மாவை ஓவனில் வைத்தால் நடு சூடாகவே மூன்று நான்கு மணிநேரம் போய்விடும். கையால் கலக்குங்கள். உப்பு 2 தேக்கரண்டி.

உப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் நிறைய நம்பிக்கைகள் உலவுகின்றன. கனடாவில் மேசை உப்பு எல்லாமே அயடீன் சேர்த்தது, சட்டப்படி. அந்தச் சிறு அளவு அயடீன் மாவை நிறுத்தாது. ரொறன்ரோக் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருக்கிறது. இரவெல்லாம் திறந்து வைத்தாலும் அது இலகுவில் பறக்காது. ஆனாலும் அதே தண்ணீரில் ஆயிரம் வீடுகளில் மா பொங்குகிறது. மா வரவில்லையென்றால் தண்ணீரையும் உப்பையும் விட்டு முதலில் வெப்பமானியைப் பாருங்கள், அடுத்து உளுந்தின் வயதை. கடையில் வருடக்கணக்கில் கிடந்த தோலில்லாப் பிளவு உளுந்து அரைக்கும்போது நுரைக்காது, பசை தராது. முழு உளுந்து, முடிந்தால் தோலோடு வாங்கி ஊறவைத்துக் கழுவுவது மேல். முந்திய மாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து வைத்துப் புது மாவில் கலந்தால் இரண்டு மணிநேரம் மிச்சம்.

புளித்த மா பிரிட்ஜில் ஐந்து நாள் நிற்கும். அதை எடுத்து நேரே கல்லில் ஊற்றினால் தோசை வெளிறிப் போகும், பரவாது. அரைமணி முன்பே வெளியில் வையுங்கள். ஊற்றும் முன் வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலையைத் தாளித்து, மஞ்சளோடு மாவில் கொட்டுவது யாழ்ப்பாண வழமை. தாளித்ததை முழு மாவிலும் கொட்டிவிடாதீர்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுங்கள். வெங்காயம் சேர்ந்த மா அடுத்த நாளே மணம் மாறும்.

கண்ணாடி மேற்பரப்பு அடுப்பில் இரும்புத் தோசைக்கல் சூடேற 8 முதல் 10 நிமிடம் எடுக்கும். அவசரப்பட்டு முழுச் சூட்டில் வைத்தால் நடு எரிந்து ஓரம் பச்சையாக இருக்கும். நடு அளவில் வைத்துப் பொறுங்கள். இந்த அடுப்பு தானாக அணைந்தும் எரிந்தும் சூட்டைப் பிடிப்பது. எனவே முதல் தோசைக்கும் மூன்றாவதுக்கும் நிறம் வேறுபட்டால் மாவைக் குறை சொல்ல வேண்டாம். கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள், கண்ணாடி கீறும். அடி வளைந்த அலுமினியப் பானைகள் இந்த அடுப்பில் பாதிச் சூட்டையே வாங்கும். காந்த (இண்டக்ஷன்) அடுப்பில் அலுமினியம் சூடேறவே ஏறாது. ஊரிலிருந்து வந்த இடியப்பப் பானை அலுமாரியில் தூங்குவதற்கு இதுவே காரணம். தட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, கீழே தட்டையான இரும்படிச் சட்டி ஒன்றைப் பொருத்தினால் அது மறுபடி வேலை செய்யும்.

உறையவைத்தல்

வார நாள் காலைக்கு இடியப்பம் வேண்டுமென்றால் அது சனிக்கிழமை அவிந்திருக்க வேண்டும். பலர் செய்வது, அவித்ததைப் பிரிட்ஜில் வைப்பது. மறுநாள் அது கல். அவிந்த மாப்பொருள் ஆறும்போது திரும்ப இறுகும். அந்த இறுக்கம் பிரிட்ஜின் 4 பாகையில்தான் மிக வேகமாக நடக்கிறது. ஆழ்உறைநிலையில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஆகவே இடியப்பமோ புட்டோ, அன்றைக்குத் தின்னாததைப் பிரிட்ஜைத் தொடாமல் நேரே உறைபெட்டிக்கு அனுப்புங்கள். இந்த முழுப் பதிவிலும் ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

இடியப்பத்துக்கு அவித்த கோதுமை மா 250 கிராம், வறுத்த அரிசி மா 100 கிராம், உப்பு 1 தேக்கரண்டி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஏறக்குறைய 300 மில்லிலீட்டர். தண்ணீரை மூன்று தடவையாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறுங்கள். கேத்தலை அணைத்து இரண்டு நிமிடம் கழித்து ஊற்றினால் உரல் இறுகும், மணிக்கட்டு நோகும். தண்ணீர் கூடினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். குழைத்ததை ஈரத்துணியால் மூடி, சூடு இருக்கும்போதே பிழியுங்கள். ஆவியில் 7 முதல் 8 நிமிடம். கம்பித் தட்டில் முற்றாக ஆறவிட்டு, எண்ணெய்த்தாள் இடையிட்டு ஆறு ஆறாக அடுக்கி உறையவையுங்கள். ஆறுமுன் அடுக்கினால் உள்ளே ஈரம் தேங்கிப் பனிக்கட்டி கட்டும். சூடாக்கும்போது அந்த இடம் களியாகும். காலையில் உறைந்தபடியே ஆவியில் 4 நிமிடம். அல்லது நனைத்த கடதாசித் துண்டால் மூடி மைக்ரோவேவில் ஆறுக்கு ஒரு நிமிடம்.

புட்டுக்கு அவித்த கோதுமை மா 200 கிராம், வறுத்த சிவப்பரிசி மா 200 கிராம், உப்பு, கொதிதண்ணீர் 180 முதல் 200 மில்லிலீட்டர். தகரப் பேணியின் விளிம்பால் மாவைக் கொத்தி உதிர்க்கும் வேலையை உணவு அரைப்பான் (ஃபூட் புரொசெசர்) செய்யும்: விட்டுவிட்டு ஆறு ஏழு தட்டு, ஒவ்வொன்றும் ஒரு விநாடி. பத்தைத் தாண்டினால் மா திரண்டு உருண்டையாகும். அப்போது இரண்டு மேசைக்கரண்டி உலர் மா தூவி இரண்டு தட்டுத் தட்டினால் திரும்பும். தேங்காய்ப்பூ சேர்த்து ஆவியில் 10 நிமிடம். உறைந்த புட்டை 200 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, ஒன்றரை நிமிடம் சூடாக்கினால் உதிர்ந்துவரும்.

அடுத்தது ஓட்ஸ் புட்டு. நீரிழிவு வந்த வீடுகளில் அதுவே இப்போது வழமையான புட்டு. உருட்டிய ஓட்ஸ் 250 கிராமை மணம் வரும்வரை வறுத்து, ரவைப் பருவத்துக்கு அரையுங்கள். மாவாக அரைத்தால் பசையாகும். ஓட்ஸிலுள்ள நார் தண்ணீரைக் கண்டதும் வழுவழுப்பாகும் இயல்புடையது. எனவே கோதுமைப் புட்டின் தண்ணீரளவை இங்கே கொண்டுவரக் கூடாது. 60 முதல் 70 மில்லிலீட்டர் உப்புத் தண்ணீரைக் கையால் தெளித்து விரவி, 5 நிமிடம் விட்டு, ஆவியில் 6 முதல் 8 நிமிடம். குரக்கன் (கேழ்வரகு) மாவைக் கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கு கலப்பதும் நல்லது. ஒன்று மட்டும்: சத்தான புட்டென்று நினைத்து இரட்டிப்பாகச் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரைக்கு அது தெரியாது.

சொதி, சம்பல், கறிவேப்பிலை

தகரத் தேங்காய்ப்பாலில் கெட்டியான வகை 17 முதல் 22 வீதம் கொழுப்புள்ளது. 'லைட்' என்று விற்பது அதே பாலில் தண்ணீர். அந்தத் தண்ணீரை வீட்டிலேயே சேர்க்கலாம். நான்கு பேருக்கான சொதிக்கு, அதாவது தேங்காய்ப்பால் குழம்புக்கு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சைமிளகாய் 3, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் 300 மில்லிலீட்டர் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, பால் 200 மில்லிலீட்டர் ஊற்றி, ஓரத்தில் குமிழ் கட்டியதும் இறக்குங்கள். தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) இறக்கிய பிறகுதான். கொதியில் விட்டால் திரியும். பிசின் சேர்த்த தகரப் பால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், சுவை பொறுக்காது.

சம்பலுக்கு உறைந்த தேங்காய்ப்பூ நல்லது. உருகியதும் கையால் மெதுவாகப் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சம்பல் தண்ணியாகும். உலர் தேங்காய்த்தூள்தான் இருக்கிறதென்றால் இனிப்புச் சேர்க்காததைப் பார்த்து வாங்கி, 80 கிராமுக்கு ஐந்து மேசைக்கரண்டி இளஞ்சூட்டுத் தேங்காய்ப்பால் விட்டுக் கால்மணி ஊறவிடுங்கள்.

கறிவேப்பிலையைக் கழுவி முற்றாக ஈரம் போக்கி உறையவைத்து, உறைந்தபடியே எண்ணெயில் போடுங்கள். மேசையில் உருகவிட்டால் கறுக்கும். செடி வளர்ப்பவர்கள் இரவு வெப்பம் 10 பாகைக்கு இறங்கும் முன், செப்டெம்பரிலேயே, உள்ளே எடுத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் சிலவேளை இலை முழுதும் கொட்டும். உடனே தண்ணீரைக் கூட்டுவதுதான் செடியைக் கொல்வது. நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அமெரிக்காவிலுள்ள உறவினருக்கு இலை கொண்டுபோக வேண்டாம். எலுமிச்சை இனத்துக்கு நோய் பரப்பும் பூச்சி இதில் வாழ்வதால் எல்லையில் பறித்துவிடுவார்கள்.

காலைப் பதினைந்து நிமிடமும் மதியப் பெட்டியும்

பழைய அடுக்குமாடிகளில் குசினியின் ஒரு சுற்றுக்கு 15 அம்பியர், அதாவது 1800 வாட். கேத்தல் மட்டுமே 1500. அதோடு மைக்ரோவேவும் ஓடினால் மின் உடைப்பான் (பிரேக்கர்) விழும், மின்பெட்டியைத் தேடிப் போக வேண்டிவரும். முதலில் கேத்தல், கொதித்த தண்ணீரை ஆவிச்சட்டியில் ஊற்றினால் அடுப்பில் ஒரு நிமிடத்தில் ஆவி வரும். கேத்தல் நின்ற பிறகு மைக்ரோவேவ். சொதி இன்னொரு அடுப்பில். அடுப்பு தனிச் சுற்று, ஆகவே அது இதில் சேராது.

பிள்ளையின் மதியப் பெட்டிக்கு அகன்ற வாய் வெப்பக்குடுவை வேண்டும். வெறும் குடுவையில் சூடான புட்டைப் போட்டால் எஃகு சூட்டை இழுத்துக்கொள்ளும்; மத்தியானம் அது வெதுவெதுப்புக்கூட இராது. கொதிதண்ணீர் நிரப்பி 10 நிமிடம் மூடி வைத்து, கொட்டி, துடைத்து, உடனே நிரப்புங்கள். புட்டோடு ஒரு மேசைக்கரண்டி சொதியைக் கலந்து வைத்தால் நெஞ்சடைக்காது. சம்பலைத் தனிச் சிமிழில் வையுங்கள். சூட்டில் கிடந்த பச்சை வெங்காயத்தின் மணம் மூடி திறந்ததும் வகுப்பெல்லாம் பரவும், அதற்குப் பிறகு பிள்ளை பெட்டியைத் திறவாமலே திருப்பிக் கொண்டுவரும்.

ஒவ்வாமை விதிகளையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தில் 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சப்ரினா சட்டம், கடும் ஒவ்வாமைக்கான திட்டத்தை ஒவ்வொரு பள்ளிச் சபையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நிலக்கடலையைப் பல பள்ளிகள் அடியோடு விலக்கியிருக்கின்றன. எனவே கடலைச் சட்னி, கடலை தூவிய எதுவும் போகக் கூடாது. தேங்காயைக் கனடா சுகாதாரத் துறை மரக்கொட்டை வகையில் சேர்க்கவில்லை. ஆனால் கடுகும் எள்ளும் முதன்மை ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் இருக்கின்றன. தாளிதத்தில் கடுகும் தோசைக்கு நல்லெண்ணெயும் போடும் வீடுகள், பிள்ளையின் வகுப்பில் அந்த ஒவ்வாமை உள்ளவர் இருக்கிறாரா என்று வருடத் தொடக்கத்தில் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். இருந்தால் பெட்டிக்கான தோசையைத் தாளிக்காத மாவில், வேறெண்ணெயில் முதலில் சுட்டு எடுத்துவிட்டு, மிச்ச மாவுக்குத் தாளிக்கலாம்.